ஒரு எம்பி குழாயில் ஒன்பது ஜிபி

மதுரை மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறது அந்த அறை. படி அவ்வளவு குறுகல். எதிரே ஒருவர் இறங்கினால் நாம் திரும்பக் கீழே போய் நிற்க வேண்டும். உள்ளே இரண்டு லேப்டாப், ஒரு யுபிஎஸ், சுவரில் போன வருஷத்துக் காலண்டர். இங்கே உட்கார்ந்துகொண்டு நாற்பது சிறு கடைகளின் இணையதளங்களை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. "பகல்ல வந்தா ஒண்ணும் தெரியாது அண்ணே, ராத்திரி பன்னெண்டுக்கு மேல வாங்க, அப்பத்தான் கூத்து" என்று சொல்லியிருந்தார். பதினொன்றரைக்கே போய்விட்டேன்.

கூத்து என்று அவர் சொன்னது ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் தளத்தை. மூன்று வாரமாக அதில் பாதுகாப்பு ஸ்கேன் தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது. ஸ்கேன் ஓடுகிற நேரத்தில் தளத்தைத் திறப்பவர்களுக்குச் சேலை தெரிவதில்லை; 508 என்ற எண்ணும், ஒதுக்கிய அளவு தீர்ந்துவிட்டது என்று ஒரு வரியும்தான் தெரிகிறது. நள்ளிரவில் யார் சேலை பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். "நமக்குத்தான் ராத்திரி ஒரு மணி. நியூ ஜெர்சியில மத்தியானம் அண்ணே. ஐயாவோட கஸ்டமர்ல பாதிப் பேர் அங்கதான்." கடைக்காரரை அவர் ஐயா என்றுதான் சொல்கிறார்.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தைத் திறந்தார். இணையதளம் வைத்திருக்கும் பலர் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத பக்கம் இது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், ஒரு குடித்தனக்காரர் மற்றவர் பங்கைத் தின்றுவிடாதபடி ஆளாளுக்கு அளவு கட்டியிருப்பார்கள். இதற்கென்றே வந்த இயங்குதளம் கிளவுட்லினக்ஸ். 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கணக்கும் எல்விஇ என்ற தனிக் கூண்டுக்குள் ஓடுகிறது. இந்தத் தளத்தின் கூண்டு அளவு இப்படி இருந்தது: சிபியு ஒரு கோர், நினைவகம் 1 ஜிபி, வட்டிலிருந்து படிக்கவும் எழுதவும் வினாடிக்கு 1 எம்பி, ஒரே சமயத்தில் உள்ளே வரக்கூடிய கோரிக்கைகள் 20. கேட்க அற்பமாக இருந்தாலும் ஒரு சேலைக் கடைக்கு இது போதும். கடை நடத்தப் போதும், கடை முழுவதையும் ஒரே மூச்சில் சோதனை போட மட்டும் போதாது.

இந்த அளவுகளைத் தாண்டினால் நடப்பது ஒன்றுக்கொன்று வேறு. நான் அன்று சரியாகப் புரிந்துகொண்டது இதைத்தான். சிபியு அளவை எட்டினால் எதுவும் சாவதில்லை. எல்லாம் மெதுவாகிவிடும், அவ்வளவே. வட்டு அளவும் அப்படித்தான். நினைவகம் நிறைந்தால் கதை வேறு, ஓடிக்கொண்டிருந்த வேலை அந்த இடத்திலேயே வெட்டப்பட்டு 500 என்றோ 503 என்றோ பிழை விழும். 508 என்பது கோரிக்கை எண்ணிக்கை நிரம்பியதற்கு.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஸ்கேன் எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு இடம்தானே? மீதிப் பதினெட்டு என்ன ஆனது?

"ரேஷன் கடைக்குப் போயிருக்கீங்கள்ல? முன்னாடி ஒருத்தரோட கைரேகை விழலைன்னு வைங்க. அவரு நிக்கிறது ஒரு ஆள் இடம்தான். ஆனா கியூ ரோட்டுக்கு வந்துரும்."

அதேதான். ஸ்கேன் சிபியுவையும் வட்டையும் பிடித்துக்கொள்கிறது. அரை வினாடியில் முடிந்து வெளியேற வேண்டிய வாடிக்கையாளரின் கோரிக்கை எட்டு வினாடி உள்ளேயே நிற்கிறது. அதற்குள் இன்னும் நாலு பேர், கூடவே தேடுபொறிகளின் ரோபோக்கள். இருபது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? பன்னிரண்டே முக்காலுக்கு அந்தக் கோடு ஏறத் தொடங்கியது. ஒன்று ஐந்துக்கு உச்சியில் முட்டிச் சிவப்பானது. நியூ ஜெர்சியில் யாரோ ஒருவர் சேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்.

இன்னொன்றும் அந்த வரைபடத்தில் தெரிந்தது. வட்டுக் கோடு ஸ்கேனுக்கு முன்பே உச்சியில் இருந்தது. ஏன்? பேக்கப் ப்ளகின். அதுவும் நள்ளிரவில்தான் எழுகிறது. தளம் முழுவதையும் சுருட்டி ஜிப்பாக்கி, அதே கணக்கில், அதே வட்டில், தளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிறது. ராத்திரியானால் சும்மாதான் கிடக்கும் என்று எல்லா வேலையையும் ஒரே மணிக்கு வைத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.

எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் ஃபோல்டர் வாரியாக எடை போட்டார். மொத்தம் 9 ஜிபி. அதில் பழைய பேக்கப் ஜிப்கள் மட்டும் 5.6 ஜிபி. படங்கள் 2.9. நிரல் என்று சொல்லத்தக்கது, வேர்ட்பிரஸும் ப்ளகின்களும் தீமும் எல்லாம் சேர்த்து, வெறும் அரை ஜிபி.

காலண்டரின் பின்பக்கத்தில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 1 எம்பி என்றால் 9 ஜிபியைப் படிக்க 9,216 வினாடி. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல், அதுவும் வேறு யாரும் அந்தக் குழாயைத் தொடாமல் இருந்தால். அரை ஜிபிக்கு 512 வினாடி. ஒன்பது நிமிடம்கூட இல்லை. ஸ்கேனர்கள் பெரிய ஜிப்களைப் பொதுவாகத் தாண்டிப் போய்விடும் என்பதால் இந்த இரண்டரை மணி நேரம் அப்படியே நடப்பதல்ல. ஆனாலும் எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டாம் என்ற கேள்விக்கான விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே கிடக்கிறது. ஆளுக்கு ஆள் 'பெரிய பிளானுக்கு மாறுங்க' என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தால் என்ன? கடைக்காரருக்கும் அந்த அறிவுரைதான் வந்திருந்தது. பணம் கட்டத் தயாராகவும் இருந்தார்.

படங்களின் கதை தனி. கடையில் ஏற்றியது 2,300 படம். ஃபோல்டரில் இருப்பது 23,000 கோப்புக்கும் மேல். ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024, 1536, 2048 என்று பல அகலங்களில் நகல் எடுக்கிறது. விற்பனை ப்ளகின் தன் பங்குக்குச் சில அளவுகளைச் சேர்க்கிறது. ஒரு படத்துக்குப் பத்துக் கோப்பு. 'படங்களையும் நிரல்போல் பாவித்துச் சோதி' என்ற விருப்பத்தை யாரோ ஆர்வத்தில் போட்டு வைத்திருந்தார்கள். ஸ்கேனர் இருபத்து மூவாயிரம் முந்தானைப் படங்களுக்குள்ளும் தீநிரல் தேடக் கிளம்பியிருந்தது.

இங்கே ஸ்கேனரைக் குறை சொல்ல எதுவுமில்லை. தளத்தில் இருப்பது வேர்ட்ஃபென்ஸ். அதன் பிறப்புக் கதையே இந்த விஷயத்துக்குப் பொருத்தம். 2011 ஆகஸ்டில் மார்க் மாண்டர் என்பவரின் தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். டிம்தம்ப் என்ற, படத்தைச் சிறிதாக்கும் ஒரு குட்டி நிரலில் இருந்த ஓட்டை வழியாக. அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவரும் அவரே. பிறகு வேர்ட்ஃபென்ஸைத் தொடங்கியவரும் அவரே. ஷேர்டு ஹோஸ்டிங்கின் சங்கடங்கள் வேர்ட்ஃபென்ஸைச் செய்தவர்களுக்குத் தெரியாததல்ல. குறைந்த வசதியில் மெதுவாக ஓடு என்று சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது. எவ்வளவு நினைவகம் கேட்க வேண்டும் என்றும் சொல்லலாம். இயல்பாக 256 எம்பி. மொத்த ஓட்டத்துக்கு எல்லை இயல்பாக 3 மணி நேரம். எல்லாம் ஒரு பக்கத்தின் அடியில் மடித்து வைத்திருக்கிறது, யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

நினைவகக் கணக்கையும் பாருங்கள். 1 ஜிபியில் நான்கு 256. ஸ்கேனுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, நிர்வாகப் பக்கத்தில் யாராவது சேலை ஏற்றிக்கொண்டிருந்தால் ஒன்று. நாலாவதும் நிரம்பி ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் வெளியே விழ வேண்டியதுதான். அவர் ஸ்கேனின் கோரிக்கையை 128 ஆக்கினார்.

அடுத்தது இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியில் ஒரு வேலைக்கு இயல்பான ஆயுள் 30 வினாடி. அப்படியானால் மணிக்கணக்கில் ஓடும் ஸ்கேன் எப்படி நடக்கிறது? தொடர் ஓட்டம். ஒரு ஓட்டக்காரர் சில வினாடி ஓடி, எதுவரை வந்தேன் என்று தரவுத்தளத்தில் குறித்துவிட்டு, தன் தளத்தையே வெளியிலிருந்து கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு அடுத்தவரிடம் கட்டையைக் கொடுத்துவிட்டு விழுகிறார். கட்டை கைமாறும் இடத்தில்தான் ஸ்கேன் சாகிறது. நிர்வாக ஃபோல்டருக்குத் தனிக் கடவுச்சொல் போட்டிருந்தால் தளம் தன்னைத்தானே உள்ளே விடாது. சர்வர் தன்னைத் தானே அழைப்பதை ஃபயர்வால் தடுத்தாலும் அதே கதி. லைட்ஸ்பீடு சர்வராக இருந்தால் நீளும் வேலையைத் தானாக நறுக்கிவிடும். நறுக்காதே என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால்தான் விடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. லினக்ஸில் பிஹெச்பியின் 30 வினாடிக் கடிகாரம், வட்டுக்காகவும் தரவுத்தளத்துக்காகவும் காத்திருக்கும் நேரத்தை எண்ணாது. வினாடிக்கு 1 எம்பி குழாயின் முன் குடம் வைத்துக் காத்திருக்கும் ஸ்கேனுக்குத் தன் கடிகாரத்தில் ஐந்து வினாடிதான் ஆகியிருக்கும். வெப் சர்வரின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் தாண்டியிருக்கும். ஸ்கேன் நிம்மதியாக இருக்கும்போதே கழுத்தில் வெட்டு விழுகிறது. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் 20 வினாடி என்று நாமே எல்லை கட்டினால் நடுவழியில் சாவது குறையும். கட்டினார்.

இவ்வளவையும் மாற்றிவிட்டு ஸ்கேனை ஓட விடுவார் என்று பார்த்தால், விடவில்லை. "அதுக்கு முன்னாடி படிக்காமலே பார்க்க வேண்டியதைப் பார்த்துருவோம்" என்றார்.

படங்களுக்கான ஃபோல்டரில் பிஹெச்பி கோப்பு எதற்கு? இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டாம், பெயர்ப் பட்டியல் போதும். ஃபைண்ட் கட்டளையை ஒரு வரி அடித்தார். இருபத்து மூவாயிரம் கோப்பு. நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. மூன்று கோப்புகள். மூன்றுக்கும் இண்டெக்ஸ் என்றே பெயர். அப்பாடா என்றேன். ஏனென்றால் அது எனக்கும் தெரிந்த கோப்பு: ஃபோல்டரின் உள்ளே இருப்பதை யாரும் பட்டியலாகப் பார்த்துவிடாமல் இருக்க வேர்ட்பிரஸும் ப்ளகின்களும் போட்டு வைக்கும் வெற்றுக் கோப்பு. உள்ளே ஒரே ஒரு குறிப்பு, மௌனம் பொன்னானது என்று.

அவர் அப்பாடா சொல்லவில்லை. அளவைக் காட்டச் சொல்லி மறுபடி அடித்தார். 28 பைட். 28 பைட். மூன்றாவது, 3 கேபியைத் தாண்டியது.

திறந்தார். அதே வரி, அதே மௌனம். நான் திரையை உற்றுப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை. அவர் வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனார். வெறும் இடைவெளி. நூறு, இருநூறு இடைவெளிகள் தாண்டி, திரைக்கு வெகு வலப்பக்கம், ஒரே வரியில் எழுத்தும் எண்ணுமாக அள்ளிக் கொட்டிய குவியல். வெளியிலிருந்து வருகிற எதையும் அவிழ்த்து ஓடவிடும் பின்கதவு. உள்ளே வந்தவன் மௌனத்தின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

மூன்று வார ஸ்கேன்களின் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும், கோப்பு மாற்றங்களைப் பார்க்கும் கட்டத்திலேயே ஓட்டம் விழுந்திருக்கிறது. தீநிரல் தேடும் கட்டம் அதற்கு அடுத்தது. அங்கே போய்ச் சேரவே இல்லை. ஸ்கேன் முடியவில்லை என்ற எச்சரிக்கை மின்னஞ்சல்கள் எங்கே போயின? தளத்தை முதலில் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது வேறு வேலையில் இருப்பவரின் பழைய முகவரிக்கு. கடைக்காரரைப் பொறுத்தவரை 'செக்யூரிட்டி போட்டிருக்கோம்'. முடியாத ஸ்கேனைவிட ஸ்கேனே இல்லாதிருந்தால் பயத்தில் ஒருவேளை யாரையாவது கேட்டிருப்பார் என்று தோன்றியது.

பெயர்ப் பட்டியலோடு நின்றால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐகான் படம் என்ற பெயரில் பிஹெச்பி நிரலை ஒளித்து, வேறொரு கோப்பிலிருந்து அதை அழைத்துக்கொள்ளும் தந்திரம் வெகு நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆகையால் அழைக்கிற கோப்பைப் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த வழி, சரிபார்ப்பு எண். வேர்ட்பிரஸின் ஒவ்வொரு பதிப்பிலும் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எண்ணை வேர்ட்பிரஸ் தளமே தருகிறது. அதன் கிடங்கில் இருக்கும் இலவச ப்ளகின்களுக்கும் உண்டு. டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவியில் ஒரு கட்டளை அடித்தால், நம் கோப்புகளின் கைரேகையை எடுத்து ஒப்பிட்டுவிடும். தீநிரலின் சாயலைத் தேடும் வேலை இல்லை. அசலா, இல்லையா என்பது மட்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக் கோப்புகள் சில நிமிடத்தில் முடிந்தன. எல்லாம் அசல். ப்ளகின்களும் அசல், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று காசு கொடுத்து வாங்கியது. கிடங்கில் இல்லாததால் அதற்குக் கைரேகையும் இல்லை. தீமும் அப்படியே. ஆக, வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டியது அரை ஜிபியிலிருந்து நாற்பது எம்பியாகச் சுருங்கிவிட்டது.

அந்த நாற்பது எம்பியை அங்கே படிக்கவும் இல்லை. சுருட்டி லேப்டாப்புக்கு இறக்கினார். ஷேர்டு கணக்கில் கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் கருவியை ஓட்ட நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்: அது தன் அடையாளத் தரவுகளை நினைவகத்தில் ஏற்றவே 1 ஜிபிக்கு மேல் கேட்கும். கோப்பைத் தொடுவதற்கு முன்பே கூண்டின் அளவில் முட்டிச் செத்துவிடும். இவர் லேப்டாப்பில் 16 ஜிபி. அங்கே அது தன்பாட்டுக்கு ஓடியது. தீமின் ஒரு கோப்பில், அந்த மௌனக் கோப்பை அழைக்கும் ஒற்றை வரி சிக்கியது. அதைப் பிடித்தது கிளாம்ஏவி அல்ல, காசு கொடுத்து வாங்கிய அசல் தீமை மறுபடி இறக்கி வரிக்கு வரி ஒப்பிட்ட வேலைதான்.

தளத்தின் முகவரியைக் கொடுத்தால் வெளியிலிருந்தே சோதித்துச் சொல்லும் சேவைகளும் உண்டு. நம் கூண்டுக்குப் பாரமே இல்லை. ஆனால் அவை வாசலில் நின்று பார்ப்பவை. திரைக்குத் தருகிற பக்கத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால்தான் தெரியும். அழைத்தால் மட்டும் விழிக்கும் பின்கதவு அவற்றின் கண்ணில் படாது. வெளியிலிருந்து ஓட்டை தேடும் கருவிகள், டபிள்யூபிஸ்கேன், ஜாப் போன்றவை, வேறு ரகம். அவை கோரிக்கை மேல் கோரிக்கை அனுப்பும். டபிள்யூபிஸ்கேன் இயல்பாகவே ஐந்து இழைகளில் ஓடும்; இருபது இடம் உள்ள கூண்டில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லாமல் ஓட்டினால் தாக்குதல் என்று நினைத்துக் கணக்கையே முடக்குவார்கள். பிறர் தளத்தில் அனுமதியில்லாமல் ஓட்டினால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43, 66ஆம் பிரிவுகள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, தளத்துக்குள் ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மேலமாசி வீதியில் எத்தனை கடைக்காரருக்கு இது தெரியும்? இவர் கடிதத்துக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார், கடைக்காரர் கையெழுத்துப் போட மட்டும் வேண்டும். பதிவேடுதான் தொல்லை. அந்தக் கணக்கில் வருகைப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியில் டிக் இல்லை. இடம் போகும் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். 5.6 ஜிபி பழைய பேக்கப் வைக்க இடம் இருந்தது. யார் எந்த வழியாக எப்போது வந்தான் என்பது அதோடு போயிற்று.

இரண்டரை மணி. பின்கதவுக் கோப்பை நகலெடுத்துக்கொண்டு அழித்தார். தீமை அசலால் மாற்றினார். கடவுச்சொற்கள், உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற ரகசியச் சாவிகள், நிர்வாகிகள் பட்டியலில் அடையாளம் தெரியாத ஒருவர், எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. படங்கள் ஃபோல்டரில் பிஹெச்பி ஓடவே கூடாது என்று அமைப்புக் கோப்பில் எழுதினார். பழைய பேக்கப்களைப் பிறகு வெளியே வேறிடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். வேர்ட்ஃபென்ஸின் இலவசப் பதிப்பில் ஸ்கேன் நேரத்தை நாமே குறிக்க முடியாது. அதனால் பேக்கப்பைத்தான் நகர்த்தினார், விடிகாலை 4.20க்கு. ஏன் நாலேகால் இல்லை, ஏன் நாலரை இல்லை என்றேன். "எல்லாரும் வட்டமான நேரத்துலதான் வைப்பாங்க அண்ணே. அந்த சர்வர்ல நம்ம மட்டுமா இருக்கோம்?"

பிறகுதான் ஸ்கேன். இரண்டு ஐம்பதுக்குத் தொடங்கியது. மெதுவாக ஓடு என்று சொல்லியிருந்ததால் உண்மையிலேயே மெதுவாக ஓடியது. சிபியு கோடு பாதிக்குக் கீழே தூங்கியது, கோரிக்கைகள் மூன்று, நான்கு. நான் என் போனில் சேலைத் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் திறந்தது. ஒரு கட்டத்தில் மஞ்சளில் பச்சைப் புள்ளி போட்ட சேலை ஒன்றின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துச் சிரித்தார். மூன்று நாற்பத்தாறுக்கு முடிந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாகக் கடைசிக் கட்டம்வரை.

கீழே டீக்கடை திறக்கும் வரை காத்திருந்தோம். கடைக்காரர் ஆறு மணிக்குப் போன் செய்தார். இரவு நடந்ததை இவர் சுருக்கமாகச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அதெல்லாம் சரிப்பா. அந்த 508 இனிமே வராதுல்ல?"

"வரும் ஐயா" என்றார் இவர். "ஆடித் தள்ளுபடி போட்டீங்கன்னா அன்னைக்கு வரும். வந்தா சொல்லுங்க, அப்ப பெரிய பிளானுக்கு மாத்திக்கலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கடைக்காரர், பேக்கப்பை வெளியே வைக்க மாசம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.